அழுதால் ஒரு முட்டை

ஒரு பள்ளிக்கூடத்தையே அழவைத்த பெருமை எனக்கு உண்டு. அடித்து அல்ல, திட்டியும் அல்ல. அவித்த முட்டை கொடுத்து. இத்தனைக்கும் குழந்தைகளின் மனத்துயரைப் போக்குவதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் துயரம் எப்படிப் பெருகியது என்பதை அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

உளவியல் படித்து முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வீட்டோடு கிடந்த காலம் அது. அம்மா மாப்பிள்ளைப் பேச்சை எடுக்க, நான் தலைவலி என்று போர்த்திப் படுக்க, நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. பதவியின் பெயர் ‘குழந்தைகள் மனநல ஆலோசகர்’. பக்கத்து வீட்டு அண்ணாச்சி விசாரித்தபோது என் அப்பா கொஞ்சம் யோசித்து, “பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லுத வேலை” என்றார். “அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கான்?” என்றார் அண்ணாச்சி.

எனக்குக் கிடைத்தது ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு தொடக்கப் பள்ளி. (ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சிலர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.) பனை, உடைமரம், காற்றாலை, இவற்றை விட்டால் காற்று. நான் வாரிப் போன தலை பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூட வாசலைத் தொடுவதற்குள் பேயாட்டம் ஆடிய தலையாகிவிடும்.

வேலையில் சேருமுன் ஒரு பயிற்சி நடந்தது. அதில் எங்களுக்கு மூன்று விதிகள் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை அழுதால் தடுக்காதே. குழந்தை சொல்வதை நம்பு. யார் சொன்னது என்று வெளியே சொல்லாதே. மூன்றும் நல்ல விதிகள்தான், அவற்றின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டுப் பூவை நொந்து என்ன பயன்?

முதல் நாள் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓய்வுபெறப் போகிற வயது, மெதுவான பேச்சு.

“எம்மா, மத்ததுக எல்லாம் நல்லாத்தான் கெடக்கு. ஒரே ஒருத்திதான் கவல. மூணாங்கிளாஸ் மாரிச்செல்வி. கிளாசுல வாயத் தொறக்கவே மாட்டேங்கா. போன வருசம் வர கிளியாட்டம் பேசுனவ. அவ அப்பன் படிப்ப நிறுத்திட்டு ஆட்டுக்குப் பின்னால அனுப்பிருவேங்கான். அதுக்குள்ள அவளப் பேச வச்சிருங்க.”

“என்ன சார் ஆச்சு அவளுக்கு?”

“வீட்டு விசயம்மா. நான் சொன்னா நல்லாருக்காது. அவளே சொல்லட்டும்.”

நான் பெருமையோடு தலையாட்டினேன். ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை எனக்கு மட்டும் மறைத்து வைத்த அந்த நாகரிகத்துக்கு, பின்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து விலை கொடுத்தோம்.

ரகசியம் காக்கக் கதவுள்ள ஓர் அறை வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பள்ளியில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சத்துணவுக் கூடத்தின் சாமான் அறை. அரிசி மூட்டை எனக்கு ஆசனம், பருப்பு மூட்டை பிள்ளைக்கு. மாரிச்செல்வியை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒல்லி, எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, யாரோ அவசரத்தில் பின்னிவிட்ட மாதிரி ஒன்று மேலே ஒன்று கீழே. கலர் பென்சிலை நீட்டினேன், பொம்மையை நீட்டினேன், என் படிப்பு முழுவதையும் நீட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் எழுந்து போய்விட்டாள்.

சோர்ந்துபோய் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது இசக்கிமுத்து வந்தான். இரண்டாம் வகுப்பு. பென்சிலை எவனோ திருடிவிட்டான் என்று மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுக அழுதான். அழுகையைத் தடுக்கக் கூடாது என்பது விதி. தடுக்காமல் இருந்தால் மாலை வரை அழுவான் போலிருந்தது. அம்மா எனக்கு மிளகும் உப்பும் தூவி வைத்திருந்த அவித்த முட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன். குழாயை மூடின மாதிரி நின்றது அழுகை. அடடா, இதுவல்லவோ ஆலோசனை என்று எனக்கே புல்லரித்தது.

மறுநாள் அறை வாசலில் வரிசை நின்றது.

மத்தியானச் சாப்பாட்டில் பள்ளியிலேயே முட்டை உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் உள்ளது, உப்பும் கிடையாது. அழுது வாங்குகிற முட்டை தனக்கென்றே உள்ளது, மிளகு போட்டது. இது அன்று எனக்குப் புரியவில்லை. ‘குழந்தைகள் மனம் திறக்கிறார்கள்’ என்று மட்டும் புரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நிறைய முட்டை அவிக்கச் சொன்னேன். விடியுமுன்னே எங்கள் வீட்டில் இட்லிக் கொப்பரை நிறைய முட்டை கொதித்தது. “இவ வேலைக்குப் போறாளா, முட்ட யாவாரத்துக்குப் போறாளா?” என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். வள்ளியூர் பஸ்ஸில் என் மடியிலிருந்த தூக்குவாளியின் வாசத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொண்டார்கள்.

எல்லோருக்கும் முழு முட்டை கொடுத்தால் கட்டாது. எனவே நானே ஒரு முறை வைத்தேன். சின்னத் துயரத்துக்குப் பாதி, பெரிய துயரத்துக்கு முழுசு. (இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.) பென்சில் திருட்டு, கோலிக்குண்டு தகராறு, வரிசையில் தள்ளிவிட்டது எல்லாம் பாதி. பாவம், அந்தப் பிள்ளைகளிடம் பெரிய துயரம் எதுவும் கைவசம் இல்லை. பாதி முட்டையை வாங்கிக்கொண்டு ஏக்கத்தோடு தூக்குவாளியைப் பார்த்தபடியே போவார்கள்.

அடுத்த வாரம் பெரிய துயரங்கள் வரத் தொடங்கின.

முதலில் இசக்கிமுத்து. “எங்கம்ம மொத பஸ்ஸுல போயிட்டா டீச்சர். என்ன எழுப்பக்கூட இல்ல.” முழு முட்டை கொடுத்தேன். அடுத்து ஜெனிபர், ஊர்ப் போதகரின் மகள். அவள் அப்பா குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாராம். பிறகு அவரே குனிந்து சோற்றை அள்ளிக்கொண்டே அழுதாராம். முழு முட்டை. அதற்கடுத்து வந்த பையனின் அப்பாவும் பானையை எறிந்திருந்தார். அதற்கடுத்தவளின் அப்பாவும். எல்லா அப்பாக்களும் எறிந்தபின் சோற்றை அள்ளினார்கள், அள்ளும்போது அழுதார்கள். சாதாரண புத்தி உள்ள எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். நானோ படித்தவள். ‘பானையை எறிந்துவிட்டுச் சோற்றைச் சேகரித்து அழுவது இவ்வட்டார ஆண்களின் கோப வெளிப்பாட்டு முறை’ என்று நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினேன். ஆய்வுப் பட்டத்துக்கே இதை எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது.

பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மழை வந்தால் குடையும் மறந்துபோன தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டு பெண்கள் வாசலுக்கு வரத்தான் செய்தார்கள். அவர்களையெல்லாம் நான் இரண்டாந்தாரமாக வந்த சித்திகள் என்று முடிவு கட்டினேன். இசக்கிமுத்துவின் அம்மா ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது நான்காம் வகுப்புப் பேச்சியம்மாள் சொன்னதுதான். “அம்ம செருப்ப விட்டுட்டுப் போயிட்டா டீச்சர். நான் தெனமும் ராத்திரி அத வாசல்ல வீட்டப் பாக்கத் திருப்பி வைப்பேன். அப்பந்தான் திரும்பி வருவா.” சொல்லும்போது அவள் குரல் சரியான இடத்தில் உடைந்தது. நான் அரிசி மூட்டைமேல் கவிழ்ந்து அழுதேன். அவளும் அழுதாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு சமையல் செய்யும் ஜெபமணி அக்கா படியோடு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

“அரிசி அளக்கணும்மா. கொஞ்சம் நவுந்து அழுங்க.”

டீச்சரே அழுதுவிட்டார் என்ற செய்தி அன்று பள்ளி முழுவதும் பரவியது. எனக்கு ‘அழுவ டீச்சர்’ என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

மாரிச்செல்வி மட்டும் அசையவில்லை. தன் முறை வரும்போது வருவாள், பருப்பு மூட்டையில் உட்காருவாள், என் வாயைப் பார்ப்பாள். சும்மாவே முட்டையை நீட்டினாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். நான் கிட்டே போனதும் கலைந்துவிட்டார்கள். அவள் உதட்டோரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மஞ்சள் பூசிக் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள் போல என்று நினைத்து, ‘சக மாணவர்களுடன் பழகத் தொடங்கியிருக்கிறாள், நல்ல முன்னேற்றம்’ என்று எழுதி வைத்தேன். அவள் அப்பாவிடமும் அப்படியே சொல்லும்படி தலைமையாசிரியரைக் கேட்டுக்கொண்டேன். பெற்றோர் கூட்டம் வரை பொறுத்திருந்து பார்ப்பதாக அவள் அப்பா ஒத்துக்கொண்டாராம்.

அந்தக் கூட்டம் என் அறிக்கைகள் பெற்றெடுத்த பிள்ளை. இவ்வளவு துயரம் ஒரே பள்ளியிலா என்று நிறுவனத்தில் அசந்துபோய், உடனே பெற்றோரைக் கூட்டிப் பேசச் சொன்னார்கள். அங்கிருந்து ஒரு மேடம் காரில் வந்து இறங்கினார். மைக் கட்டியிருந்தது. அம்மாக்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், அப்பாக்கள் பின்னால் வேப்ப மரத்தடியில் கைகட்டி நின்றார்கள். பிள்ளைகள் ஓரமாக இருந்தார்கள். நான் எழுந்தேன். மூன்றாவது விதிப்படி எவர் பெயரையும் சொல்லப்போவதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்தேன்.

“இங்கே நிற்கிற அப்பாக்களே, நீங்கள் குடித்துவிட்டு எறிகிற ஒவ்வொரு பானையும் உங்கள் பிள்ளையின் நெஞ்சில் விழுகிறது. தாய்மார்களே, உங்களில் பாதிப் பேர் இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள்.”

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. இசக்கிமுத்துவின் அம்மா எழுந்தார். “எம்மா, நாங்க இங்கனதான இருக்கோம்.”

“நீங்க சித்திதானே?” என்று நான் மைக்கிலேயே கேட்டேன்.

அதற்குப் பிறகு என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. ‘யாருலே அவ சித்தி’ என்று ஒரு பக்கம், ‘எவ சொன்னா’ என்று ஒரு பக்கம். இசக்கிமுத்துவின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “யாரு வே பானையத் தூக்கி எறிஞ்சது? எங்க வீட்டுல குக்கர்லா.” போதகர் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, தான் குடித்ததை நிரூபித்தால் ஊழியத்தையே விட்டுவிடுவதாகச் சொன்னார். காரில் வந்த மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் அடுத்த மாதச் சம்பளம் ஆவியாவது தெரிந்தது. தலைமையாசிரியர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, “போதும்மா, போதும்மா” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

இசக்கிமுத்துவின் காதை அவன் அம்மா பிடித்தார். “ஏலே, நான் எப்பம்லே வீட்ட விட்டுப் போனேன்?”

அவன் இந்த முறை நிஜமாகவே அழுதான். “நீ இல்லம்மா. அது செல்வி அம்ம. அந்தக் கதைய நான் செல்விகிட்ட வாங்குனேன்.”

“வாங்குனியா?”

“மஞ்சக்கரு அவளுக்கு, வெள்ள எனக்கு.”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அது அவன் சொன்னதை ஊர் முழுவதற்கும் சொன்னது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். முதல் பஸ், பானை, அள்ளின சோறு, செருப்பு, எல்லாம் ஒரே வீட்டில் நடந்தது. பேசமாட்டாள் என்று நான் கவலைப்பட்ட பிள்ளை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று தன் கதை முழுவதையும் துண்டு துண்டாகக் கொடுத்திருக்கிறாள். நான் அத்தனையையும் கேட்டிருக்கிறேன், அவள் வாயிலிருந்து தவிர.

எல்லாத் தலைகளும் வேப்ப மரத்தடிக்குத் திரும்பின. அவள் அப்பா அங்கே நின்றார். குடிக்காமல் வந்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் தேறிவருகிறாள் என்று டீச்சர் சொல்லப்போவதைக் கேட்பதற்காக வந்த மனிதர். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து மகள் முன்னால் நின்றார்.

“இதெல்லாம் நீயா சொன்ன?”

“ஆமா” என்றாள் மாரிச்செல்வி.

தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டபடி, ஆசிரியர்கள் முன்னிலையில் அவளைப் பேச வைத்துவிட்டேன். அவள் அப்பா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே என் வேலை போயிற்று. மாரிச்செல்வியைச் சேரன்மகாதேவியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும், ஊர் வாயில் விழுந்த பிள்ளை இனி இங்கே எப்படிப் படிக்கும் என்று அவள் அப்பா கேட்டதாகவும் தலைமையாசிரியர் சொன்னார். அவர் என்னைத் திட்டவில்லை.

எங்கள் வீட்டில் இது ஒரு கதையாகிவிட்டது. இப்போது எனக்குக் கல்யாணமாகி மகள் இருக்கிறாள். அவள் கீழே விழுந்து அழுதுகொண்டு வந்தால், என் அப்பா நாற்காலியில் இருந்தபடியே, “முழுசா, பாதியா?” என்று கேட்பார். சம்பந்தி வீட்டார் வந்து மனத்தாங்கலைச் சொல்லிவிட்டுப் போனாலும், கதவைச் சாத்தியதும் அதே கேள்விதான். சித்தி என்று நான் மைக்கில் கேட்ட இடத்தை என் கணவர் நடித்தே காட்டுவார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நிஜமாகவே சிரிப்பான கதைதான்.

ஆனால் அவர்களுக்குத் தெரிந்த கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பாக்கியை நான் சொன்னதில்லை.

பள்ளியில் பொம்மைகளையும் கலர் பென்சில்களையும் ஒப்படைத்துவிட்டு, கடைசியாக அந்த ஊர் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிக்கடைப் பை நிறைய உடுப்பு. எதிரே பெட்டிக்கடையில் அவள் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்றில் பறந்த தலையைக் கோதிக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

“டீச்சர், பேச்சி சொன்னதுக்கு ரொம்ப அழுதீங்களாம்லா.”

“எதுக்கு?”

“செருப்புக்கு.”

“ஆமா, செல்வி.”

“அவ தப்பாச் சொல்லிருக்கா.” அவள் குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. “வீட்டப் பாக்க வச்சேன்னு சொன்னாளாம். நான் அப்படி வைக்கல. தெருவப் பாக்கத்தான் வச்சேன்.”

“ஏன் பிள்ள?”

“அம்ம வெறுங்காலோட போயிட்டா. இங்கன பூரா உடமுள்ளு. செருப்பெடுக்க வந்தான்னா, பைய வந்து, மாட்டிக்கிட்டு, அப்படியே ஓடிரணும். திருப்பித் திருப்பி மாட்டிக்கிட்டு நின்னா அப்பா எந்திரிச்சிருவாரு.”

பேச்சியம்மாளுக்கு வந்த அழுகை, இசக்கிமுத்துவுக்கு வந்த அழுகை, பானை எறிந்த அத்தனை அப்பாக்களுக்கும் வந்த அழுகை, அதில் ஒரு சொட்டுகூட எனக்கு வரவில்லை. அவள் தலையைச் சாய்த்து என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பஸ் வந்தது. அவள் அப்பா தெருவைக் கடந்து வந்து பையை எடுத்துக்கொண்டார்.

“பேச்சி நல்லாச் சொல்லிருப்பா போல” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.